அன்பரசியின் இடது கட்டைவிரல்

திருக்கழுக்குன்றம் பக்கம் எங்கள் தெருவில் ஹாக்கி மட்டை பிடித்த ஒரே பெண் அன்பரசி. மாவட்ட அணியில் தடுப்பு ஆட்டக்காரி. மற்ற நாட்களில் மறைமலைநகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. போன வருடம் ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு இடம் அறிவித்தார்கள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

தேர்வு ஆட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கையில், செங்கல்பட்டில் ஓர் ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்தாள். மட்டையைக் கையிலிருந்து விடவில்லை. இடது கட்டைவிரல் மட்டைக்கும் தரைக்கும் நடுவே சிக்கி வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. ஆட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விரல் பிசகினால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துச் சுண்டி இழுப்பார். மட்டைப் பிடியில் சுற்றும் டேப்பையே விரலில் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்குவார்கள். கம்பெனியிலும் கூட வேலை செய்யும் தோழி சங்கரி இழுத்துவிட்டாள். அன்பரசி மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். அடுத்த இரண்டு வாரமும் ஆடினாள்.

பிறகுதான் அம்மா ரெபேக்காளோடு என்னிடம் வந்தாள். நான் பிசியோதெரபி படித்தவன், எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. தெருவே என்னை டாக்டர் என்கிறது. நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

விரலை மெல்ல வெளியே தள்ளிப் பார்த்தேன். நல்ல விரலென்றால் ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

“மூட்டைப் புடிச்சிகினு இருக்கிற நாரு அறுந்துட்டுகீது அன்பு. தானா ஒட்டாது. சர்ஜன்கிட்ட போவணும். ஆபரேஷன் பண்ணா மூணு மாசம் மட்டையத் தொடக்கூடாது.”

“மூணு வாரத்துல செலக்‌ஷன்ணா. இன்னா பேசற நீ?”

ரெபேக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம வூட்டுப் புள்ளயே டாக்டரா கீறப்ப வேற ஆளு எதுக்கு? நீயே கட்டி வுடு நைனா.”

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். டேப்பை எடுத்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டினேன்.

“வேலை கெடைச்சா உனுக்கு அரைக்கிலோ ஸ்வீட்டுண்ணா.”

“அரைக்கிலோதானா?”

“நீ கட்டற கட்டுக்கு அதுவே ஜாஸ்தி.”

தேர்வு ஆட்டத்தில் பிரமாதமாக ஆடினாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை. அங்கே டேப்பைக் கழற்றச் சொன்னார்கள். விரலை வெளியே தள்ளிப் பார்த்த மருத்துவர் தாளில் ஏதோ எழுதினாராம். இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அறுவை சிகிச்சை நடந்தபோது விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய நாரைத் தைக்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து வேறொரு நாரை எடுத்து வைத்துத் தைத்தார்கள்.

“இத்தனை நாள் யாரு பாத்தாங்க?” என்று கேட்டார் சர்ஜன்.

“நான்தான் சார்.”



கட்டுப் பிரித்த அன்று அன்பரசி கேட்டாள்: “நீ சொன்ன அன்னிக்கே ஆபரேஷன் பண்ணிருந்தா, வேலை கெடைச்சிருக்குமாண்ணா?”

“இல்ல. செலக்‌ஷனுக்கே போயிருக்க முடியாது.”

“வெரலு?”

“வெரலு நல்லாயிருந்திருக்கும்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். திட்டியிருக்கலாம்.

இப்போதும் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறாள். விரல் பாதிதான் மடங்குகிறது, இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்கப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுகிறாளாம். சங்கரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.