முந்நூற்றுப் பத்து பாகை

மனைவியின் அஸ்தியைச் சிங்கப்பூரின் சாங்கிக் கடலில் கரைத்த காலையில் நான் அழவில்லை. படகில் நின்று, கைபேசியின் திசைகாட்டியைத் தூக்கிப் பிடித்துத் திசை பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் ஒரு வெள்ளைக் கோபுரம். அதற்குத் தெற்கே, கட்டுமானத் தளம் ஒன்றில் சிவப்புக் கிரேன். வடக்கிலிருந்து வலமாகச் சுற்றி அளந்தால் கோபுரம் 310 பாகை, கிரேன் 250.

"இங்க வந்துமா போன நோண்டுறீங்க, அத்தான்?" என்றாள் மனைவியின் தங்கை.

எப்படிச் சொல்வது? புதைப்பவர்களுக்கு ஒரு கல்லாவது நிற்கிறது. எனக்குத் தண்ணீரில் ஓர் இடம் வேண்டியிருந்தது. தலைத் திவசத்தன்று அதே இடத்தில் பூப்போட வேண்டும். மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

திவசம் நெருங்கியபோது, தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். கோபுரத்திலிருந்து 310 பாகையில் கோடு இழுத்தேன். எதிரே இருந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! அம்மாவ எக்ஸ்பிரஸ்வேல கொண்டுபோய் விட்டுட்டீங்க!"

கோடு கடலுக்குப் போகாமல் ஊருக்குள் ஓடியிருந்தது.

"அது படகுலேர்ந்து கோபுரத்துக்குப் பா. கோபுரத்துலேர்ந்து படகுக்கு வரணும்னா நூத்தியெண்பத மைனஸ் பண்ணணும் லா."

"உங்கம்மா இருந்தா ஒரு வாரம் சிரிப்பா."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது.

கோபுரத்திலிருந்து 130 பாகையில் ஒரு கோடு. கிரேனிலிருந்து 70 பாகையில் இன்னொன்று வேண்டும். இரண்டும் வெட்டும் இடத்தில் அறுபது பாகைக் கோணம், அங்கே அவள். கிரேனுக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட தூரம் கிடைத்தால் போதும்; சைன் விதி மற்ற இரு பக்கங்களையும் தந்துவிடும். வரைபடத்தில் கிரேன் இருக்காதே. அது நிற்கும் இடத்தைக் குறித்துவர மறுநாள் இருவரும் கடற்கரைக்குப் போனோம்.

கிரேன் இல்லை. ஒரே மாதிரி நான்கு கட்டடங்கள் நின்றன, கண்ணாடியெல்லாம் துடைத்து.

"எதுக்குப் பக்கத்துல பா நின்னுச்சு?"

"தெரியலம்மா."

இந்த ஊரில், இந்த ஊரில் போய், ஒரு கிரேனை நம்பியிருக்கிறேன்.

ஒரு கோடுதான் மிஞ்சியது. அதன் மேல் அவள் எங்கேயும் இருக்கலாம்.

திவசத்தன்று தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகையும் ரோஜாவுமாகப் படகேறினோம். கோபுரம் 310 பாகையில் வந்ததும் படகோட்டி, "இங்கேயா?" என்று மலாயில் கேட்டார். "இன்னும் கொஞ்சம்," என்றேன். படகு கோபுரத்தை விட்டு விலகி, அதே கோட்டில் கடலுக்குள் போயிற்று. மறுபடியும் கேட்டார். அப்போதும் 310.

"எங்கயாவது போடுங்க அத்தான். அக்கா கோவிச்சுக்க மாட்டா," என்றாள் தங்கை.

கோபுரம் ஊசியாய் மெலிந்துவிட்டது. 310. மகள் என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பிடியாக, போகும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே வந்தாள். எந்தப் பிடியும் விழுந்த இடத்தில் நிற்கவில்லை. நீரோட்டம் உடனே இழுத்துக்கொண்டு போனது. பூ தீர்ந்ததும், படகோட்டி கேட்காமலேயே படகைத் திருப்பினார்.