முழங்காலுக்குக் கீழே

என் மாமா வரைந்த எந்தச் சாமிக்கும் கால் கிடையாது. முருகன் என்றால் மயில்தோகை வந்து முழங்கால்வரை மறைத்துவிடும். லட்சுமி தாமரைக்குள் பாதி புதைந்திருப்பாள். சிவனை ஒருமுறை பனிமூட்டத்தில் நிறுத்தியிருந்தார். எங்கள் பக்கம் பனிமூட்டத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது அவர் வேலை. வரைய யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதுளைக் கடைகளில் வருசப் பிறப்புக்குக் கொடுக்கிற கலண்டர்களைப் பார்த்துத்தான் பழகினார். அவற்றில் சாமியின் முழங்காலுக்கு நேரே நாள் கிழிக்கிற தாள்கட்டை வைத்து அடித்திருப்பார்கள். ஒரு வருசம் முடிந்ததும் மாமா ஆசை ஆசையாய் அதைப் பிய்த்துப் பார்த்திருக்கிறார். அடியில் வெறும் அட்டைதான் இருந்ததாம். பாவம், அவரும் என்னதான் செய்வார்!

வேலைவிட்டு வந்து பீலித் தண்ணீரில் குளிக்காமல் பிரஷைத் தொடமாட்டார். கிரீடத்தில் தொடங்கிக் கீழே இறங்குவார். கண் வரையும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், பக்கத்தில் யாரும் இருமக்கூடாது. இடுப்பு தாண்டும்வரை கை கடகடவென்று ஓடும். முழங்கால் வந்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தூரப்போய் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வரும்போது தாமரையா மேகமா என்பது முடிவாகியிருக்கும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். திருவிழாவுக்காக மாரியம்மன் கோயில் வெளிச்சுவரில் ஆளுயர அம்மன் வரைய மாமாவைக் கேட்டார்கள். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. முகம் முடிந்த அன்றே பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முழங்கால் வந்தது. பீடி முடிந்தது. அம்மனின் காலடியில் அடர்த்தியாய் ஒரு தேயிலைச் செடி முளைத்தது.

கோயில் தலைவர் வந்து பார்த்தார். மலையில் அம்மா கொழுந்து பறிக்கிற கூட்டத்துக்குக் கங்காணியும் அவர்தான். கொழுந்து குறைந்தால் எல்லோரையும் திட்டுவார், அம்மாவைக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டுவார்.

"ஏன்டா, அம்மன் என்ன கொழுந்து பறிக்கவா வந்திருக்கா? காலே இல்லாம எங்க தொட்டுக் கும்பிடுறது?"

திருவிழாவுக்குள் கால் வராவிட்டால் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பதுளையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தையும் சேர்த்தா அடிப்பார்கள் என்று மாமா எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

முதலில் செடியை அழித்துவிட்டுத் தன் காலையே பார்த்து வரைந்தார். அம்மனுக்கு ஆம்பிளைக் கால் வந்துவிட்டது. அதையும் அழித்துவிட்டு என்னைப் பலகைமேல் நிறுத்தினார். என் கால் அந்த உடம்பைத் தாங்கவில்லை, அம்மன் குப்புற விழப்போகிறவள் போல இருந்தாள். நான் சிரித்ததற்கு நறுக்கென்று ஒரு குட்டு கிடைத்தது.

அன்று சாயங்காலம் அம்மா மலையிலிருந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து அட்டைக்கடிக்குச் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் காலையே பார்த்தபடி நின்றார்.

"அக்கா, அப்படியே எந்திரிச்சு நில்லு."

"போடா கிறுக்குப் பயலே! இதெல்லாம் ஒரு காலா?" அம்மா வெடுக்கென்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பெருவிரல் நகம் கறுத்து, சுண்டுவிரல் விலகி, பக்கமெல்லாம் வெடித்திருந்த கால். வெட்கத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. மாமா சண்டை போடவில்லை. சுண்ணாம்பு அடிச்சிருவாங்கக்கா என்று மட்டும் சொன்னார். அம்மா ஏசிக்கொண்டே எழுந்து பலகைமேல் ஏறி நின்றாள். மாமா கலண்டர் அட்டையில் கரியால் வரைந்துகொண்டு கோயிலுக்கு ஓடினார். நகத்துக்குக் குங்குமச் சிவப்பும் பாதத்துக்கு மஞ்சளும் கொலுசும் போட்டார். விலகின சுண்டுவிரலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். இந்தமுறை அம்மன் அசையாமல் நின்றாள்.

திருவிழா அன்று கற்பூரம் காட்டியதும் முதல் ஆளாகக் கங்காணிதான் குனிந்தார். இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தோட்டமே வரிசையில் வந்து தொட்டது. மாமா ஓரமாய் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் கிட்டவே வரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை, சேலைக் கரையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ பயம். கும்பிடாமல் விட்டால் அம்மன் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு அம்மையை அனுப்பிவிடுவாளே! ஓடிப்போய் எனக்கு ஒருதரம், அம்மாவுக்காக ஒருதரம் என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அம்மாவிடம் ஒரு புதுப்பழக்கம். மலையிலிருந்து வந்ததும் காலைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். விடிந்தால் சேற்றுக்குள் போகிற காலுக்கு எதற்கம்மா இந்தச் சோடனை என்று கேலி செய்தேன்.

"எல்லாரும் தொட்டுக் கும்பிட்ட காலுடி" என்றாள்.

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். எல்லாரும் சுவரைத்தானே தொட்டார்கள், இவள் காலை எப்போது வந்து தொட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.