கீழ் லயம் வளைந்த நாள்

என் வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார்கள். விழித்திரையைப் படம் பிடித்தார்கள். அதன் அடுக்குகளை இன்னொரு இயந்திரத்தில் பார்த்தார்கள். மூன்று சோதனையிலும் குறையில்லை என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் தந்த கட்டம் போட்ட கடதாசியைத் தினமும் காலையில் எடுத்துவைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கிறேன். இருபதுக்கு இருபது, நானூறு கட்டம். ஒரு கோடும் வளையவில்லை. இருந்தாலும் இரண்டாம் தடவை பார்க்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். அவளுக்கு என் பெரியப்பாவைத் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. றொசல்ல ஸ்டேஷனிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் எங்கள் லயம். பெரியப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். குச்சி தெறித்து ஒரு கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில்தான் புரை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் கொஞ்சம் சிங்களம் படித்திருந்ததால் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார். டொக்டரோ தனக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார்: "லைன் வளைஞ்சு தெரிஞ்சா ஒடனே வரணும்." புரை எடுத்தபின் போடத் தந்த தடித்த கண்ணாடியின் ஓரத்தில் எல்லாமே வளையும், நடுவில் வளைந்தால்தான் பயம் என்றும் சொன்னார்.

கோட்டைத்தான் அவர் லைன் என்றார். எங்களுக்கு லைன் என்றால் லயம், ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு.

ஆப்பரேசன் முடிந்து ஏழாம் வாரம் ஒருநாள் காலையில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கூப்பிட்டார்.

"தம்பி, கீழ் லயம் நடுவுல குழிஞ்சாப்புல தெரியுதேடா."

"அது போன மழையிலயே குழிஞ்சதுதான் பெரியப்பா. மண்ணு எறங்கிருச்சுல்ல."

பொய்யில்லை. அந்தக் கூரை எல்லோர் கண்ணுக்கும் குழிந்துதான் தெரிந்தது. பெரியப்பாவுக்கு நிம்மதி வந்துவிட்டது. "அப்ப ஆப்பரேசன் தொரை கண்ணுக்குத்தான் பண்ணணும்" என்றார். தோட்டத்தை நடத்தும் துரை அந்தக் கூரையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. லயமே சிரித்தது.

அதற்கு நான்காம் நாள், பனி கீழேயிருந்து ஏறுகிறது என்றார். மலையுச்சிவரை நல்ல வெயில். கேலி செய்கிறார் என்று சிரித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஆறாம் நாள் அவர் சோற்றுத் தட்டைத் தடவித் தேடியபோதுதான் பெரியம்மா பயந்துபோய் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

டொக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "லைன் எப்ப வளைஞ்சது?" என்று கேட்டார்.

"போன மழைக்கு, டொக்டர்" என்றேன். சரியான விடை சொன்ன பெருமை எனக்கு.

அவர் பேனாவை வைத்துவிட்டு நர்ஸிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிந்திவிட்டது என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. ரயிலைத்தான் சொல்கிறார் என்று பெரியப்பாவை அவசரப்படுத்தினேன்.

றொசல்லயில் இறங்கியதும் பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "படியச் சத்தமா எண்ணிக்கிட்டே போடா" என்றார். நூற்றுப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் எண்ணினேன். நான் எண்ணுவதைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.