பருத்திப்பட்டில் ஊற்றிய பச்சைச் சாயம்

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய ஒரு வீட்டுக் கிணற்றில்தான் என் பல்கலைக்கழக ஆராய்ச்சி நடந்தது. கிணற்றுக்கும் ஏரிக்கும் நடுவே பக்கத்து வாடகை வீடுகளின் கழிவுத் தொட்டி. அது கிணற்றுக்குள் கசிகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். தொட்டியில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, கிணற்று நீரில் நீல டார்ச் அடித்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்திருந்தாலும் பச்சையாக ஒளிரும். சாயத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதோடு சேர்ந்து வருவதுதான் ஆபத்து.

மே மாதம் முழுக்க தினமும் போய் எட்டிப் பார்த்தேன். துளி பச்சை இல்லை. வாளி வாளியாக ஊற்றியது எங்கேதான் போயிற்று? எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு அது என்னைக் கவனிப்பதாகக்கூடத் தோன்றும். சே, படித்தவள் நினைக்கிற நினைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டு, 'தொடர்பு இல்லை' என்று எழுதி முடித்தேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். அந்த வீட்டு மருமகள் கைக்குழந்தைக்காரி, புட்டிப்பால்தான் கொடுத்துவந்தாள். "கேன் தண்ணிலதான்க்கா கலக்கிக்கினு கீறேன். இந்தத் தண்ணி குடுக்கலாமா?" என்றாள். "தாராளமா குடு, கேன் எதுக்கு?" என்றேன். பெரிய மேதாவி!

நீர்மட்டம் பார்க்கக் கிணற்றில் விட்டிருந்த அளவுக் கயிற்றை எடுக்க டிசம்பரில்தான் மறுபடி போனேன். மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கோடையில் ஏரி வற்றிக் கிடந்ததால் நிலத்தடி நீர் வீட்டுப் பக்கமிருந்து ஏரிக்குப் போனது. நிறைந்த ஏரி அதைத் திருப்பித் தள்ளும், தொட்டி வழியாகக் கிணற்றுக்கு. நீர் போகும் திசையைப் படிக்கவே வந்தவள், அது திரும்பும் என்பதை மறந்து தொலைத்திருந்தேன்.

வெறும் கண்ணுக்குக் கிணற்று நீர் பளிங்காகத்தான் இருந்தது. டார்ச்சோடு உள்ளே ஓடினேன்.

"புள்ளைக்கு ஒரு வாரமா வயித்தால போவுதுக்கா. கண்ணு பட்டுச்சோ இன்னாவோ" என்றாள் அவள். ஜன்னல் சாத்திய அறை. அப்போதுதான் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தாள். குழந்தை அழக்கூட இல்லை, கூரையைப் பார்த்தபடி கிடந்தது.

கிணற்றுத் தண்ணீர்க் குடத்துக்குள் டார்ச் அடித்தேன். குடம் முழுக்கப் பச்சை. அவள் பக்கம் திரும்பியதில் வெளிச்சம் குழந்தைமேல் விழுந்தது. ஈரம் காயாத மோவாய், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

அவள் கைதட்டிச் சிரித்தாள். "ஐய, என் செல்லம் எப்டி மின்னுது பாருக்கா!"

அது என்னவென்றும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு முறை சொன்னேன்.