வெயில் லீவு

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடம் என் விடுதி அறைச் சுவர் முழுக்கக் கறையான் புற்றுப் படங்கள்தான். கூடப் படித்தவர்கள் விமான நிலையமும் அருங்காட்சியகமும் வரைந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறையை வரைந்துகொண்டிருந்தேன். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு இத்தனை படமா என்று கேலி செய்தார்கள். அந்தப் பத்தடிக்குள்தான் என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கம், நிறையத் திமிர்.

எங்களுக்கு ஆமத்தூர். விஸ்வநத்தம் பக்கமிருந்த கம்பெனியிலிருந்து காலையில் வேன் வரும், அம்மா ஏறிப் போவாள். காகிதக் குழாய்களில் மருந்து அடைப்பது அவள் வேலை. சித்திரை மாதத்தில் அந்தச் சிமெண்ட் கூரைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்தால் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்து கிடக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் அலுமினியத் தூள் மினுங்கும். தூரத்தில் எங்காவது வெடித்துக் கேட்டால் தெருவே வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தான். அந்தப் புகைக்கெல்லாம் வெயில்தான் காரணம் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன். படித்து முடித்தால் முதல் வேலையாக வெயிலை ஒரு கை பார்ப்பது என்று இருந்தேன்.

வெம்பக்கோட்டை போகும் வழியில் ஒரு தரிசில் ஆளுயரப் புற்று ஒன்று, மழையில் ஒரு பக்கம் சரிந்து, உள்ளே இருக்கும் வழிகளெல்லாம் தெரியும்படி நின்றது. ஒரு கோடை மத்தியானம் அதற்குள் கையை விட்டேன். வெளியே மண் சுட்டது, உள்ளே கை குளிர்ந்தது. சூடான காற்று மேல்வழியாகப் போகப் போக, அடிமண்ணின் குளுமையைக் கீழ்வழிகள் இழுத்துக் கொடுக்கின்றன. ஒரு விடுமுறை முழுக்க அங்கே உட்கார்ந்து அந்த வழிகளின் அகலத்தையும் சாய்வையும் அளந்தேன். கூரைக்குப் பனை ஓலை கைகொடுத்தது. விசிறி மடிப்பில் ஒரு பக்கம் எப்போதும் அடுத்த பக்கத்தின் நிழலில் இருக்கிறது. எந்தக் கோணத்தில் மடித்தால் உச்சி வெயிலிலும் நிழல் மிஞ்சும் என்று பார்க்க, அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவு லேபிள்களை மடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சரியாக வந்த கூரை மாதிரியில் பாதி மயிலும் பாதி ராக்கெட்டும் அச்சாகியிருந்தன.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. அப்ப எங்க வெயில் லீவு என்னாகும்?"

வெயில் லீவு என்பது கம்பெனிப் பெண்கள் வைத்த பெயர். உச்சி ஏறியதும் போர்மேன் வந்து மருந்தை மூடச் சொல்வார். சூட்டில் மருந்தைத் தொடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை புங்கை மரத்தடியில் லேபிள் ஒட்டுவார்கள். பேசிக்கொண்டே ஒட்டலாம், கண்ணை மூடிக்கொண்டும் ஒட்டலாம். அம்மா வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

கல்லூரியில் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதிரியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் முதலாளியிடம் போனேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். புதியதைச் செய்துபார்ப்பதில் ஆசை உள்ளவர். ஆனி மாதத்தில் ஒரே ஒரு அறையைக் கட்டிவிட்டார். தரைக்கடியில் மண்குழாய்கள், மேலே காற்றுப்போக்கி, லேசான தகட்டில் மடிப்புக் கூரை. முடிந்த அன்று மத்தியானம் உள்ளே போய் உட்கார்ந்தவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மாவை இந்த அறையில் போடுங்கள் என்று கட்டத் தொடங்கும்போதே நான் கேட்டிருந்தேன். அவரும் உடனே சம்மதித்திருந்தார்.

பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஆடியில் தீபாவளி ஆர்டர் குவிந்தது. போனில் அம்மா சந்தோஷமாகத்தான் பேசினாள். அறை குளுகுளுவென்று இருக்கிறதாம், மற்ற பெண்களுக்குப் பொறாமையாம். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, எங்கள் ரூமில் மட்டும் இப்போது சாயங்காலம் வரை மருந்துதான் என்றாள். வெயில் லீவு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது சூடா இருக்க ரூமுக்குத்தானே தாயி. இங்கனதான் வெயிலே இல்லயே."

அப்போதே எனக்கு உறைத்தது. அண்ணாச்சியிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் கட்டிய அறையைப் பற்றி நானே குறை சொல்வதா என்றும் இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை பார்த்தேன், முடியவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்சம் கழித்து, அம்மாவின் கையிலிருந்த தட்டு நழுவி மருந்து தரையில் உராய்ந்து பிடித்துக்கொண்டது. வாசலுக்கு அருகில் இருந்ததால் உயிரோடு வெளியே வந்தாள். கூட இருந்த இரண்டு பெண்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தீக்காய வார்டு வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொல்லியிருப்பார்.

"உன் ரூமுக்கு ஒரு கீறல் இல்லம்மா. சீசன் முடியவும் இன்னும் நாலு போட்ருவோம்."

நான் உள்ளே போனேன். அம்மாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப்போட்டுக் கிடந்தன. அந்த விரல்கள் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. இடது கன்னத்தில் களிம்பு. என்னைப் பார்த்ததும் அழவில்லை. எனக்காகச் சேர்த்துவைத்திருந்த மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத தாயி. ரூம் மேல தப்பு இல்ல. சாப்பிட்டு வந்து உக்காந்தனா, காத்து அம்புட்டுச் சொகமா வந்துச்சு. கண்ணு அசந்துட்டேன்."

அறை கட்டும்போது, அவள் எந்த இடத்தில் உட்காருவாள் என்று போர்மேனிடம் கேட்டு, மண்குழாயின் வாயை அந்தப் பக்கமாகத் திருப்பிவைத்தது நான்தான்.