டிபன் கேரியர் அடுக்கிய நாள்

என் மகள் 2009 ஆவணியில் பிறந்தாள். மச்சானின் மகன் அவளுக்குப் பதினோரு நாள் இளையவன். அந்தப் பதினோரு நாளை நான் மறந்ததே இல்லை. கடலூர் வீட்டில் அவளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் பல், எல்லாம் தேதியோடு. சிதம்பரத்திலிருந்து மச்சான் போன் செய்தால் அவன் மகனுடைய தேதிகளையும் கேட்டு, எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் குறிப்பேன். முதல் வருஷம் முழுக்க நாங்கள்தான் முந்தி இருந்தோம்.

2011 மாசி மகத்துக்குச் சிதம்பரம் போனோம். கூடத்தில் மச்சான் மகன் ஒரு டிபன் கேரியரைப் பிரித்துப் போட்டு, அடுக்குகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைத் தலைகீழாக வைத்தான், சரிந்தது. கத்தினான். மறுபடி எடுத்தான். என் கை தானாக நீண்டது.

"கைய வெக்காதீங்க மாமா. அவன் வேலய அவன் பாக்கட்டும்," என்றான் மச்சான், பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

ஐந்தாம் முறை அடுக்கு உட்கார்ந்தது. பையன் யாரையும் பார்க்கவில்லை, அடுத்ததை எடுத்தான். எனக்கு வயிறு எரிந்தது. கேரியரைக் கலைத்து என் மகள் முன்னால் வைத்தேன். அவள் ஓர் அடுக்கைத் தூக்கினாள், என் முகத்தைப் பார்த்தாள். கைதட்டினேன். உடனே அதை என்னிடமே நீட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

மச்சான் சிரித்தான். "என்னா மாமா, பாப்பாவுக்கு வெளயாட்டுச் சாமானே நீங்கதானா?"

திரும்பும் பஸ்ஸில் மனைவிதான் பேசினாள். "அவ எதத் தொட்டாலும் நீங்கதான முடிச்சு வெக்கிறீங்க, நோட்டுல ஏத்தணும்னு. இப்பல்லாம் அவ எதையும் தானா தொடறதே இல்ல, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். எழுதத்தான் இல்லை. 'வளையங்களை அடுக்கினாள்' என்று தை மாதம் எழுதியிருந்தேனே, அன்று அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது என் கை.

அதன்பின் அவள் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் அழுதாள். பிறகு எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சித்திரையில் ஒரு நாள் மாலை வேலையிலிருந்து வந்தபோது மனைவி சொன்னாள்: "காலையில நம்ம வீட்டு கேரியர்ல மூணு அடுக்கையும் அவளே ஏத்திட்டா. ரெண்டு தடவ தள்ளிவுட்டுட்டுதான்."

"எத்தன மணிக்கு?"

"ரசம் தாளிச்சிட்டிருந்தேன். மணியப் பாத்தேனா!"

அதை முதலில் பார்த்தவள் மனைவி. அதற்கும் வயிறு எரிந்தது. நோட்டில் தை மாத வரியை அடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மகள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கேரியரை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இத்தனை மாதம் மச்சான் மேல் இருந்த பொறாமை, அந்த மூன்று அடுக்குகள் மேல் போய் உட்கார்ந்தது.