சாரி எடுக்க வந்தவர்கள்

வெள்ளவத்தையில் ஒரு சாரிக்கடையில் அம்மா ஏழு வருடமாக வேலை செய்தார். தொழிலாளர் சம்பளம் பார்க்கும் அரசாங்க அலுவலகமான லேபர் கந்தோரில் இருந்து ஆள் வந்தால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சம்பளப் புத்தகத்தில் பெயருள்ள மூன்று பெண்கள் விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். அம்மாவோடு சேர்த்துப் பெயரில்லாத நாலு பேர், சாரி வாங்க வந்தவர்கள் போல மேசைக்கு வெளியே வந்து, காலையில் தாங்களே மடித்து வைத்த சாரிகளை விரித்து, "வேற கலர் இல்லையா?" என்று கேட்க வேண்டும். சட்டம் சொன்ன சம்பளத்தில் பாதி வாங்கியவர்கள், ஆக விலை கூடிய சாரிகளைத்தான் கையில் எடுப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய்விடுவேன். வீடு இருந்த கொட்டாஞ்சேனைக்கு அம்மாவோடுதான் பஸ் ஏற வேண்டும். அம்மாவுக்குச் சிங்களம் விளங்கும், பேச வராது. ஆஸ்பத்திரியிலும் கந்தோர்களிலும் நான்தான் அவருக்கு வாய். பத்து வயதில் அதில் எனக்குப் பெரிய பெருமை. ஆனால் எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதனால், பக்கத்து வீட்டு அன்ரியைக் கொண்டு அம்மா சிங்களத்தில் எழுதுவித்த ஒரு கடிதத்துக்கு முத்திரை ஒட்டியது மட்டும்தான் என் வேலை.

அடுத்த மாதம் ஒரு பெண் அதிகாரி வந்தார். தமிழ் தெரியாதவர். நேரே அம்மாவிடம் வந்து, இந்தக் கடைக்கு அடிக்கடி வருவீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். முதலாளி எட்டத்தில், காசு மேசையில் நின்றார். அம்மா சாரியைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு நாளும் வாறன். ஏழு வருசமா இங்கதான் வேலை. சொல்லு பிள்ளை," என்றார் என்னிடம் மெல்ல.

எனக்கு உயிரே போய்விட்டது. அலுப்பில் அம்மா வாய் தவறிவிட்டார், வேலை போகப்போகிறது என்று பயந்தேன். நான்தான் கெட்டிக்காரியாயிற்றே. மாமாவின் கல்யாணத்துக்குச் சாரி எடுக்க வந்தோம் என்று சிங்களத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டி மறுத்திருக்கலாம். என்னைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லையோ, முதலாளிக்குப் பயந்தாரோ, இல்லை அந்த ஒரு வசனத்தோடு தெம்பு முடிந்துவிட்டதோ, சாரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அதிகாரி போனதும் முதலாளி எனக்குச் சோடா வாங்கித் தந்தார். அதையும் ருசித்துக் குடித்தேன்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேலை தப்பிச்சுது தானே, அம்மா?"

"ஓம் பிள்ளை, தப்பிச்சுது."

நான் முத்திரை ஒட்டிய கடிதம் லேபர் கந்தோருக்குப் போனது என்றும், அந்த அதிகாரியைக் கடைக்கு வரவழைத்ததே அம்மாதான் என்றும் எனக்கு அப்போது தெரியாது. அம்மா பிறகு யாருக்கும் கடிதம் எழுதவில்லை.